காவு கேட்ட குளக்கரை

ஆட்காட்டிப் பறவை செம்பியும் வெள்ளை முயல் குறுமியும் குளக்கரைமேல் பேசிக்கொண்டே நடந்தன.

விடிந்து வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் வெளிச்சம் இல்லை. மலையிலிருந்து இறங்கிய மேகம் குளத்தையும் கரையையும் மூடிப் படுத்துக் கிடந்தது. செம்பிக்குத் தன் கால்களே சரியாகத் தெரியவில்லை. அது முன்னால் போனது. இரண்டடி பின்னால் குறுமி வந்தது.

“அக்கா, மழைக்கு முன்னாடி கரையை முடிச்சிட்டோம்னா என் பிள்ளைங்க அடுத்த கோடையில தண்ணிக்கு அலைய வேண்டாம். அதனால நான் என்ன நினைச்சேன்னா...”

அதோடு பேச்சு நின்றது.

“என்ன நினைச்சே?” என்றது செம்பி.

பதில் இல்லை. மரம் மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. எங்கோ ஈரமண் தொப்பென்று விழுந்தது. அந்தக் கரையில் ஒவ்வொரு நாளும் நூறு தடவை கேட்கிற சத்தங்கள்தான்.

“குறுமி! ஏய், குறுமி!”

செம்பி திரும்பிப் போய்த் தேடியது. மேகத்துக்குள் ஏதோ பெரிதாக நகர்ந்து, மறைந்தது. குறுமி இல்லை.

சென்ற மழையில் அந்தக் காட்டுக் குளத்தின் கரை உடைந்துவிட்டது. தண்ணீர் முழுவதும் ஓடிப்போனது. கோடையில் நாக்கு வறண்டு செத்தவர்கள் பலர். அதனால் இந்த முறை காடே கூடிக் கரை கட்ட வந்தது. காரி என்ற காட்டுமாடு வேலைக்குத் தலைமை ஏற்றது. யானைகள் பெரிய மரங்களை இழுத்து வந்தன. எருமைகள் மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்கின. முயலும் கீரியும் ஆமையும் பறவைகளும் கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து சந்துகளை அடைத்தன. எல்லோருக்கும் வழி ஒன்றே ஒன்றுதான். கரையின் முதுகு. போவதும் அதில்தான், வருவதும் அதில்தான்.

யானைகளில் மலைச்சி மிகவும் சாது. தும்பிக்கையால் மரத்தைச் சுற்றிப் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து, கரைமேல் இழுத்துக்கொண்டு வரும். ஓய்வு நேரத்தில் செம்பி அதன் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கும். இரண்டும் நெருங்கிய தோழிகள்.

மதியம் மேகம் கலைந்தது. எல்லோரும் சேர்ந்து குறுமியைத் தேடினார்கள். புதரிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை.

அப்போது வாகீசன் என்ற நரி ஒரு பாறைமேல் ஏறி நின்றது. அது வேலைக்கு வந்த நாள்முதல் ஒரு கல்லைக்கூடத் தூக்கியதில்லை.

“தேடாதீங்க! அது கிடைக்காது!” என்றது நரி. “இந்தக் கரை காவு கேட்குது. போன தடவை காவு கொடுக்காம கட்டினதாலதான் உடைஞ்சுது. கீழே இருக்கிறது தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்குது!”

“கீழே என்ன இருக்கு?” என்று நடுங்கியபடி கேட்டது கீரி பூவன்.

“பேர் சொல்லக் கூடாது. தினமும் பத்து நண்டு பிடிச்சுக் கரையோரம் வைங்க. கொஞ்ச நாள் பசி தாங்கும்.”

எல்லோரும் நண்டு பிடிக்க ஓடினார்கள். செம்பி மட்டும் கரைமேல் நின்றது. ஆட்காட்டிகள் வெறுந்தரையில் முட்டையிடுகிறவை. தரையில் ஒரு சருகு இடம் மாறியிருந்தாலும் அவற்றுக்குத் தெரியும்.

எருமைகள் மிதிக்காத ஓர் ஓரத்தில் செம்பி தன் கால்தடத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பின்னால் குறுமியின் தடங்கள் இருந்தன. சின்னச் சின்னதாய், வரிசையாய் வந்தன. குறுக்கே ஓர் அகலமான பள்ளம். மரம் இழுபட்ட தடம். அதற்குள் குறுமியின் கால்கள் போயிருந்தன. மறுபக்கம் வெளியே வரவில்லை.

செம்பிக்கு உடம்பெல்லாம் இறகு சிலிர்த்தது.

சாயங்காலம் மலைச்சி மரநிழலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. செம்பி அதன் பின்னங்கால் பக்கம் போனது. நகத்துக்கும் சதைக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்னடி, என் காலையே பார்க்கிறே? முள்ளு ஏதாவது ஏறியிருக்கா?” என்றது மலைச்சி.

“ஒன்னுமில்லக்கா. மண்ணு,” என்றது செம்பி.

அதைக் கொத்தி எடுத்துப் புல்லுக்குள் போட்டது. இந்தச் சாதுவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தாங்குமா? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தது.

மறுநாள் காலையும் மேகம் இறங்கியது. அன்று கீரி பூவன் காணாமல் போனது.

அலறலும் இல்லை, ரத்தமும் இல்லை. பூவன் சுமந்துவந்த களிமண் உருண்டை மட்டும் கரைச் சரிவில் தனியாக உருண்டு வந்து, குளத்துக்குள் நின்றிருந்த எருமையின் காலடியில் நின்றது. எருமை அதைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவிட்டது. நரி வைக்கச் சொன்ன நண்டுகளும் மறைந்துபோயிருந்தன. வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

“நண்டு பத்தலை!” என்றது வாகீசன். “இனி அதுவா எடுத்தா யாரை எடுக்கும்னு சொல்ல முடியாது. நாமளா ஒன்னைக் கொடுத்துடுவோம். கேட்க நாதியில்லாத ஒன்னை!”

எல்லாக் கண்களும் கிழட்டு ஆமை ஓட்டன் பக்கம் திரும்பின.

“என்னையா?” என்றது ஓட்டன். அதன் தலை மெல்ல ஓட்டுக்குள் போனது.

காரி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அதற்கு மனமில்லை. ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. “கரை முடியலைன்னா எல்லாரும் சாவோம். ஒன்னு போனா மத்தவங்க பிழைப்பாங்கன்னா... சரி. நாளைக் காலையில,” என்றது.

செம்பி அதுவரை வாய் திறக்கவில்லை. பூவன் நடந்த தடத்தையும் அது பார்த்துவிட்டது. அந்தத் தடமும் மரம் இழுபட்ட பள்ளத்துக்குள்தான் போயிருந்தது.

மறுநாள் காலை. மேகம் முன்னிலும் கனமாக இறங்கியது. கொடியால் கட்டிய ஓட்டனைக் கரைமேல் கொண்டுவந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

“காரியண்ணே, ஒரு நிமிஷம்!” செம்பியின் குரல் மேகத்துக்குள்ளிருந்து கீச்சென்று வந்தது. “காவு கொடுக்கிறதுக்கு முன்னாடி, கீழே இருக்கிறது யாருன்னு நான் காட்டறேன். கரையில அஞ்சு களிமண் முயல் செஞ்சு வச்சிருக்கேன். நாம தினமும் நடக்கிற இடத்திலதான். எல்லாரும் கீழே இறங்கி நில்லுங்க. மலைச்சியக்கா மட்டும் வழக்கம்போல ஒரு மரம் இழுக்கட்டும்.”

“இது தெய்வக் குத்தம்!” என்று கத்தியது வாகீசன்.

“ஒரு மரம்தானே. இழுக்கட்டும்,” என்றது காரி.

எல்லோரும் சரிவில் இறங்கி ஒண்டிக்கொண்டார்கள். மலைச்சிக்கு எதுவும் புரியவில்லை. சொன்னதைச் செய்தது. தலைக்கு மேலே மரம் உரசும் சத்தம் வந்தது. நெருங்கியது. தொப்பென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னும் இரண்டு. பிறகு உரசல் தொலைவுக்குப் போய்த் தேய்ந்தது.

அவ்வளவுதான். வேறு ஒரு சத்தமும் இல்லை.

மேலே ஏறிப் பார்த்தார்கள். ஐந்து களிமண் முயல்களில் இரண்டுதான் நின்றன. மற்ற மூன்றும் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு முயலின் முகம் மட்டும், காதில்லாமல், தரையோடு தரையாய் அப்பிக்கிடந்தது.

“பேய் வந்துச்சா?” என்று கேட்டது செம்பி. எல்லோரும் பின்தொடர, மரத்தோடு நின்றிருந்த மலைச்சியிடம் போனது. “அக்கா, உன் பின்னங்காலைத் தூக்கு.”

மலைச்சி தூக்கியது. பாதத்தில் ஒரு களிமண் காது ஒட்டியிருந்தது.

மலைச்சி அதை வெகுநேரம் பார்த்தது. அதன் காதுகள் ஆடுவது நின்றுபோயிற்று. தும்பிக்கையிலிருந்து மரம் தானாக நழுவியது.

“எத்தனை பேர்?” என்று கேட்டது.

“எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. குறுமி. பூவன்.”

“நான் ஒன்னுமே உணரலையே, செம்பி! காலுக்குக் கீழே ஒன்னுமே உணரலையே!”

“உனக்குப் பின்னால கண் இல்லக்கா. மேகத்துல எங்களுக்கும் நீ தெரியல. நீ மிதிச்சதை, இழுத்த மரம் மண்ணோட மண்ணா அழுத்திடுச்சு. தப்பு என்னுதுதான். குறுமி ரோமத்தை முந்தாநாளே உன் கால்ல பார்த்தேன். உன் மனசு நோகுமேன்னு மறைச்சேன். அன்னைக்கே சொல்லியிருந்தா பூவன் இருந்திருப்பான்!”

மலைச்சி தும்பிக்கை நுனியால் செம்பியை மெதுவாகத் தொட்டது. பிறகு ஆமையைக் கட்டியிருந்த கொடியை அறுத்தது.

“மேற்கே வானம் கறுக்குது. இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?” என்றது காரி. அதன் குரல் இறங்கியிருந்தது.

“வழியைப் பிரிக்கணும்,” என்றது செம்பி. “பெரியவங்க தெற்கே ஏறி வடக்கே இறங்கட்டும். யாரும் எதிரெதிரே வர வேண்டாம். முடிஞ்ச மட்டும் பின்பக்கமா நடக்கவே வேண்டாம். சின்னவங்களுக்குக் கரைக்குக் கீழே தனி வழி. நடுவில முள்வேலி. கடக்கிறதுக்கு ஒரே ஒரு இடம். நான் கூப்பிட்ட பிறகுதான் கடக்கணும்.”

“நாலு நாள் கூடுதலாகுமே!”

“ஆகட்டும்,” என்றது மலைச்சி. “எனக்குப் பின்னால ஒரு கண் இல்லாம இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். அவசரம்னா மரத்தை நீங்களே இழுங்க!”

காரி முள்ளம்பன்றிகளைக் கூப்பிட்டது.

அன்றே முள்ளம்பன்றிகள் முள் வெட்டி வேலி போட்டன. மரத்தைக் கரை முகத்தில் பொருத்தும்போது மட்டும் மலைச்சி பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. அப்போது செம்பி அதன் ஓரக்கண்ணில் படுகிற இடத்தில் நிற்கும். செம்பி கூவினால் நிற்க வேண்டும். செம்பி கண்ணில் படாவிட்டாலும் நிற்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. மேகம் அடர்ந்தால் பெரியவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றும் முடிவானது. கரையோரம் நண்டு வைப்பது நின்றது. இரண்டு நாளில் வாகீசனும் வேறு காட்டுக்குக் கிளம்பிப் போனது. அதை யாரும் தேடவில்லை.

வேலி போட்டு ஏழாம் நாள், பாதி மரம் ஏறியிருந்தபோது, மேகம் திடீரென்று இறங்கியது. மலைச்சியின் கண்ணிலிருந்து செம்பி மறைந்தது. மலைச்சி எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது.

கரை முழுவதும் அடங்கிப்போனது. சொட்டுச் சொட்டாக இலைகளிலிருந்து நீர் விழுந்தது.

“ஏன் நின்னுட்டே? இழு! மழை வரப் போகுது!” என்று காரியின் குரல் கத்தியது.

அந்தக் குரல் மலைச்சிக்கு நேர் பின்னாலிருந்து வந்தது.

“அண்ணே, நீங்க எங்கே நிக்கிறீங்க?” என்று கேட்டது மலைச்சி. தூக்கிய கால் வலித்தது. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

மேகம் மெல்ல விலகியது. காரி வேலியைத் தாண்டி வந்து, கரையில் விழுந்த ஒரு வெடிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. அதன் நெற்றிக்கு ஒரு முழம் தள்ளி மலைச்சியின் பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

காரி ஓரமாக நகர்ந்தது. மெதுவாக நடந்து, கடக்கும் இடத்துக்குப் போய், செம்பி கூப்பிடும்வரை நின்றது. கூப்பிட்ட பிறகுதான் கடந்தது.

மழை பதினோராம் நாள் கொட்டியது. கரை நின்றது. குளம் நிறைந்து ததும்பியது. கரை முடிகிறவரை வேறு யாரும் காணாமல் போகவில்லை.

பெரிய பாரம் நகருகிற இடத்தில் நடப்பவருக்குத் தனி வழியும், பின்னால் பார்க்க ஒரு கண்ணும் வைக்காதவர்கள், அங்கே போகிற உயிருக்கு விதியையும் பேயையும் காரணம் சொல்லக் கூடாது.