சாகாத சாக்சன் படை

சாமந்திப்புதூரில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் தலையையும் சேர்த்து உலுக்கினாலும் உள்ளே எதுவும் ஆடுகிற சத்தம் கேட்காது. இவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மேசைப்போர்ச் சங்கம் என்று பெயர். விரல் நீளப் பொம்மை வீரர்களை மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, எந்தக் காலத்திலோ எவனோ போட்ட சண்டையை மறுபடி போடுவதுதான் சங்கத்தின் வேலை. விளையாட்டை நான் குறை சொல்லமாட்டேன். மூளை உள்ளவர்கள் ஆடினால் நல்ல விளையாட்டுத்தான்.

சங்கத் தலைவர் சென்னியப்பன். மேசை அவர் வீட்டில் இருந்ததால் தலைவரானார், வேறு தகுதி எதுவும் இல்லை. அந்த மேசைகூட அவருடையதில்லை. சம்சாரம் தெய்வாத்தாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த வேங்கை மரத்துச் சாப்பாட்டு மேசை. மாரியம்மன் நோம்பிக்குத் தாய்வீடு கிளம்பும்போது அந்தம்மாள் புருஷனை நிற்க வைத்துச் சொன்னாள்.

"ஏனுங், நான் வாரப்ப மேசையில ஒரு கீறல் இருக்கக் கூடாது. இருந்துச்சு, உங்களக் கொன்னே போடுவேன்."

அவள் ஏறின பஸ் ஊரெல்லையைத் தாண்டியிருக்காது. சென்னியப்பன் பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பல் டாக்டர் குமரகுருவோடு பந்தயம் கட்டிவிட்டார். தோற்றவர் மேசை ஜெயித்தவருக்கு. டாக்டரிடம் பழைய பிரிட்டன் நாட்டுப் படை இருந்தது. ஆகவே இவர்கள் அதன் எதிரியைச் சேர்க்க வேண்டும். அதுதான் ஆரம்பகாலத்துச் சாக்சன் படை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் படகேறிப் போய்ப் பிரிட்டனில் இறங்கின முரட்டுக் கூட்டம். கையில் ஈட்டி, வட்டக் கேடயம், குதிரை கிடையாது.

டாக்டர் நல்ல மனுஷன். போனிலேயே விதியைச் சொல்லிக் கொடுத்தார்.

"சண்டை முடியறப்ப எந்தப் பக்கம் சாவு கம்மியோ அந்தப் பக்கம் ஜெயிச்சுது. அதை மனசுல வெச்சுட்டு ஆளைப் பொறுக்குங்க."

மனசில் வைத்துக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

கோயமுத்தூரில் இந்தப் பொம்மைகள் விற்கிற கடைக்குச் சென்னியப்பன், நாச்சிமுத்து, காளியண்ணன், அர்த்தநாரி நாலு பேரும் போனார்கள். கடைக்காரர் சாக்சன் வீரர்கள் நிரம்பிய தட்டை எடுத்து முன்னால் வைத்தார். நீங்களும் நானுமாக இருந்தால் ஈட்டிக்காரர்களை அள்ளிக்கொண்டு, தலைவனாக ஒரு வாள்காரனைச் சேர்த்துக்கொண்டு, காப்பி குடிக்கக் கிளம்பியிருப்போம். இந்த மகாராஜாக்கள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற தோரணையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

நாச்சிமுத்து கேடயம் பிடித்த ஒருவனை உயர்த்திப் பார்த்தார். "இவன் கேடயத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கறானுங்ணா."

"பயந்தாங்கொள்ளி. வேண்டாம்," என்றார் சென்னியப்பன்.

கேடயமே இல்லாத ஒருவனைக் காளியண்ணன் எடுத்தார். எடுத்தவரே தள்ளியும் வைத்தார். "கையில இருந்த கேடயத்தையே தொலைச்சுப் போட்டு வந்திருக்கான். உசிரை எங்க பத்திரமா வெச்சுக்கப் போறான்?"

"இவன் நல்லா ஓடறானுங்ணா," என்று ஒருவனை நீட்டினார் அர்த்தநாரி.

சென்னியப்பன் அவனை வாங்கித் திருப்பி வைத்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "இப்படி வெச்சா நம்ம ஊட்டுப் பக்கமில்ல ஓடியாறான்? ஓடிப்போறவனை நாமளே எதுக்கு எடுத்துட்டுப் போகோணும்?"

வாய் திறந்து முழங்குகிறவனுக்கு ஏற்கெனவே எங்கேயோ வலிக்கிறது என்று முடிவானது. தலைக்கவசமும் வாளுமாக நின்ற தலைவன், இத்தனை சாமானோடு வந்ததால் ஊர் திரும்புகிற நினைப்பில் இருப்பவன் என்று கழிக்கப்பட்டான். காயம்பட்டு மண்டி போட்டிருந்தவனைப் பார்த்து அர்த்தநாரி பெருமூச்சு விட்டார். "சாகறதா பொழைக்கறதான்னு இவனுக்கே முடிவு தெரியலைங்ணா. எந்த நிமிஷமும் போயிருவான்." அவனும் போனான்.

தட்டு காலியாயிற்று. படையில் ஒருவன்கூடச் சேரவில்லை. அப்போதுதான் காளியண்ணன் கண்ணில் ஓரத்தில் இருந்த டப்பா பட்டது. உள்ளே மல்லாந்தும் குப்புறவும் விழுந்து கிடக்கிற பொம்மைகள்.

"அது செத்த ஆளுங்க சார்," என்றார் கடைக்காரர். "வீரன் விழுந்தா, அந்த இடத்துல அடையாளத்துக்கு வெக்கிறது."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சென்னியப்பன் மெதுவாக எழுந்தார்.

"ஏப்பா, செத்தவனை இன்னொருக்கா எவனாச்சும் சாகடிக்க முடியுமா?"

"முடியாதுங்ணா."

"அப்ப நம்ம பக்கம் சாவு?"

"ஒண்ணுகூட விழாதுங்ணா," என்றார் நாச்சிமுத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் இருந்த பிணம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சண்டை நாள் வந்தது. வேங்கை மேசையின் ஒரு பக்கம் டாக்டரின் படை பளபளவென்று நின்றது. மறுபக்கம் சாக்சன் படை வரிசை தவறாமல் படுத்திருந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இவங்க எப்படி நடப்பாங்க?"

"எதுக்கு நடக்கோணும்? எடத்தைப் பிடிக்க வந்தவங்க. படுத்துட்டாங்கன்னா எவன் எழுப்பறது?" என்றார் சென்னியப்பன்.

"உங்க படை பூரா செத்துக் கிடக்குது. எனக்கு ஒருத்தன்கூடச் சாகலை. நீங்க சொன்ன மேசையைக் கொடுங்க," என்றார் டாக்டர். பகடையை அவர் கையில்கூட எடுக்கவில்லை.

நாலு பேரும் மூலையில் கூடிப் பேசினார்கள். செத்தது சண்டையிலா, சண்டைக்கு முன்னாலா என்று வாதம் நடந்தது. சண்டையே நடக்காததால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று தீர்ந்தது. தோல்வியை ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் சென்னியப்பன் பெண்டாட்டி சொல் தட்டாதவர். தெய்வாத்தாளின் புது மெத்தையை மேசைமேல் கட்டினார். கால்களுக்கு அவளுடைய பட்டுச்சேலைகளைச் சுற்றினார். ஒரு கீறல் விழாமல் டாக்டரின் வண்டியில் ஏற்றி, மெத்தை சேலையோடு அனுப்பிவைத்தார். பறிகொடுத்த மேசைக்கு, வண்டி தெரு திரும்பும் வரை நின்று கையசைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாயங்காலம் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டபோதுதான் அவள் சொன்னதில் மிச்சப் பாதி அவருக்கு ஞாபகம் வந்தது.

"தெய்வா வந்துட்டாப்பா. கொன்னே போடுவேன்னு சொல்லியிருக்கா."

"படுத்துருங்ணா," என்றார் நாச்சிமுத்து. "செத்தவனை எப்படிக் கொல்லுவாங்க?"

மேசை இருந்த இடத்திலேயே நாலு பேரும் வரிசையாகப் படுத்தார்கள். தெய்வாத்தாள் பையோடு உள்ளே வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். படுத்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"மேசை எங்கீங்?"

"ஒரு கீறல் விழலை தெய்வா," என்றது முதல் பிணம்.

"செத்தவன் பேசக் கூடாதுங்ணா," என்று முழங்கையால் இடித்தது இரண்டாவது.

தெய்வாத்தாள் பையோடு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கச்சாயம் கொண்டாந்திருக்கேன். உசிரோட இருக்கறவங்க வரலாம்."

வெல்லமும் நெய்யுமாகப் பலகாரம் மணத்தது. பிணங்கள் கிசுகிசுப்பாகக் கூட்டம் போட்டன. எல்லோரும் பிழைத்துவிட்டால் ஆபத்து, ஆகவே ஒருவர் மட்டும் காயம்பட்டவராக மாறலாம் என்று தீர்மானம் வந்தது. நாலு பிணமும் கை தூக்கி ஆதரித்தன. அர்த்தநாரி மண்டி போட்டபடியே சமையலறைக்குப் போனார்.

தோசைக்கரண்டி நாலைந்து முறை விழுகிற சத்தம் கேட்டது. அர்த்தநாரி முதுகைத் தேய்த்துக்கொண்டே தவழ்ந்து வந்து பழைய இடத்தில் படுத்தார்.

"கச்சாயம் எங்கப்பா?" என்றார் சென்னியப்பன்.

"நான் செத்துட்டேனுங்ணா."

"நீ முன்னாலயே செத்தவன்தானே?"

"இல்லீங்ணா. காயம்பட்டவனாத்தானே போனேன். அதுதான் சாகடிச்சுப்புட்டாங்க."

கரண்டியோடு தெய்வாத்தாள் வருகிற காலடி கேட்டது. சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்பவும் நம்ம பக்கம் சாவு ஒண்ணுதான். எவனும் எந்திரிக்காதீங்க, ஜெயிச்சுட்டு இருக்கோம்."