கஸ்பார் விழுங்கிய கோல்

சிப்பித்துறை ஸ்டார் கிளப்புக்குப் பந்து விளையாடப் பதினோரு பேரும், அந்தப் பதினோரு பேருக்கு எப்படி விளையாடணும் என்று சொல்லிக்கொடுக்க முந்நூறு பேரும் உண்டு. அந்த முந்நூறு பேரையும் கட்டி மேய்க்கிற வேலை டெல்பினுடையது. ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவள், கிளப்புக்குச் செயலாளர். அவளுக்கு முன்னால் இருந்த செயலாளர்கள் எல்லோருமே ஆம்பளைகள், எல்லோருமே கூட்டத்தின் நடுவில் சட்டை கிழிந்து ராஜினாமா செய்தவர்கள். பொம்பளை என்றால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் டெல்பினை உட்கார்த்தினார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் கைவைப்பாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டிருந்தாள். சங்கதி பெரிய சங்கதி. அடுத்த ஞாயிறு முத்தாழியில், முத்தாழி அணியோடேயே இறுதிப் போட்டி. போன வருஷம் அதே முத்தாழியில், அரையிறுதியில், ஸ்டார் கிளப் அடித்த கோலை ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிட்டார். சிப்பித்துறைக்காரர்கள் மொத்தமாகக் களத்தில் குதித்துக் கொடியைப் பிடுங்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கோல் போஸ்ட்டையும் பிடுங்கி, லாரியில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுவந்து அதில் வலை காயப்போட்டார்கள். முத்தாழியிலிருந்து ஆள் வந்து கேட்டபோது மீன் நாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

அதனால் இந்த வருஷம் போட்டிக் கமிட்டி டெல்பினைப் போனில் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆட்டக்காரர்கள் போக, சிப்பித்துறையிலிருந்து ரசிகர்களுக்கு ஒரே ஒரு வேன்தான் வரலாம். செயலாளரைச் சேர்க்காமல் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தர் மைதானத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலும் ஆட்டம் நிற்கும், கப்பு முத்தாழிக்குப் போகும்.

முந்நூறு பேரில் யார் ஒழுங்கு என்று சலித்துப் பார்த்ததில் பதினோரு பேர் தேறினார்கள். அதில் முதல் ஆள் போட் மெக்கானிக் இன்னாசி. போன வருஷம் அரையிறுதியன்று அவர் பொன்னுக்கு வீங்கிப் படுக்கையில் கிடந்தார், ஆகவே அவர் நடத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. மற்றவர்களும் ஏறக்குறைய அதே ரகம். ஒருத்தர் அப்போது துபாயில் இருந்தார். ஒருத்தருக்கு அன்றைக்குக் கல்யாணம்.

பன்னிரண்டாவது இடத்துக்குத்தான் அடிபிடி. "நான் கொடியத்தான் பிடுங்குனேன், போஸ்ட்டத் தொடலியே" என்று ஒருத்தன். "நான் போஸ்ட்டத் தூக்கல, லாரிதான் ஓட்டுனேன்" என்று இன்னொருத்தன். டெல்பினுக்குத் தலை வலித்தது. அந்த நேரம் பார்த்து கஸ்பார் எழுந்து நின்றார்.

கஸ்பார் கரைவலைக்காரர், ஐம்பது தாண்டியவர். வலை இழுக்க ஆள் வேணுமென்றால் கரையில் நின்று ஒரு குரல் கொடுப்பார், பக்கத்து ஊரில் இருந்தும் சேர்த்து ஆள் வந்துவிடும். வாயும் அப்படித்தான். கஸ்பார் மணி அஞ்சு என்று சொன்னால் நாலு பேர் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

"தங்கச்சி, அந்த இடம் எனக்குத்தான்" என்றார். "போன வருஷம் ஊரே களத்துல குதிச்சப்ப வாயத் தொறக்காம நின்ன ஒரே ஆளு நான்."

இன்னாசி சிரிக்கக்கூட இல்லை. "வே, அன்னைக்கு உம்ம சத்தம் என் படுக்கைக்கே கேட்டுச்சு. காதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் வீங்கிக் கெடந்த எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கிடும்."

"அது வெளிய வந்த சத்தம் இல்லவே" என்றார் கஸ்பார். "உள்ள போன சத்தம்."

கூடம் கொஞ்சம் அடங்கியது. டெல்பினுக்கும் வீட்டில் குழம்பு காத்திருந்தது. ஆனால் இந்த மனுஷன் பேசுகிற வரைக்கும் மற்றவர்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று பேசாமல் விட்டாள்.

"ஆட்டம் ஆரம்பிச்ச சூடு. நம்ம ஃபார்வர்டு ஆன்றோவப் பெனால்ட்டிப் பெட்டிக்குள்ள வச்சு எதிராளி சாய்க்கான். ரெஃப்ரீ விசில் ஊதல. எனக்கு அடிவயித்துலேருந்து ஒரு சத்தம் கெளம்பிட்டு. கெளம்பி தொண்டை வரைக்கும் வந்துட்டு. அப்ப நெனைச்சேன், கஸ்பாரு, ஊரு மானம் இப்ப உன் வாயிலதான் இருக்குன்னு. பல்லக் கடிச்சேன். ஒரே முழுங்கு."

"சத்தத்தையா?"

"பின்ன சர்பத்தையா? பலாக்கொட்ட மாதிரி எறங்குச்சு. எறங்குன வேகத்துல சட்டைப் பட்டன் தெறிச்சுப் போய் சோடா விக்கித ஆளு கையில இருந்த பாட்டில்ல பட்டு, அது தானாத் தொறந்துட்டு. அவன் எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனான். அடுத்தாப்புல பெனால்ட்டி. நம்ம பய ஆகாசத்துக்கு அடிச்சான். அதுக்கு ஒரு சத்தம். அதையும் முழுங்கினேன். அப்புறம் ஆஃப்சைடுன்னு சொன்ன அந்தக் கோலு. அது பெரிய சத்தம். ரெண்டு வாயா முழுங்க வேண்டியதாப் போச்சு. இப்ப மூணும் உள்ள கெடந்து ஒண்ணுக்கொண்ணு சண்டை. முதல் சத்தம், நாந்தான் மூத்தவன், நாந்தான் முதல்ல வெளிய போவேன்ங்குது. எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல? வயித்துல உருட்டுத உருட்டுல இடி இடிக்குன்னு நெனைச்சு முத்தாழிப் பொம்பளைய எல்லாம் காயப்போட்ட கருவாட்ட அள்ளிக்கிட்டு ஓடுதாவ."

"அன்னைக்கு நெசமாவே மழை வந்துச்சே வே" என்றார் துபாய்க்காரர். அவருக்கு வீட்டில் போனில் சொல்லியிருந்தார்கள்.

"வராம? அப்பிடி ஒரு இடிக்குப் பொறவும் வரலைன்னா மழைக்குத்தான் அசிங்கம்."

இன்னாசி தன் இடத்திலிருந்து எழுந்து கஸ்பார் முன்னால் வந்து நின்றுகொண்டார். மெக்கானிக்குக்குப் பொய் பிடிக்காது. அதிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லப்படுகிற பொய் அறவே பிடிக்காது. தேறிய மற்றவர்களும் ஒவ்வொருத்தராக நகர்ந்து வந்தார்கள். கஸ்பாருக்கு அது போதும்.

"திரும்பி வரும்போது லாரி பஞ்சர். அந்தக் கோல் போஸ்ட்டு பாரம் அப்பிடி. ஸ்டெப்னி இல்ல. சரி, நான் எதுக்கு இருக்கேன்னு டியூப்புல வாய வச்சு, சின்னதா ஒரே ஒரு 'ஃபவுலு' மட்டும் விட்டேன். அந்த டயரும் நெறைஞ்சு, மத்த டயரும் நெறைஞ்சு, லாரி தரையில படாம வருது. செக்போஸ்ட்டுல போலீஸ்காரரு நிறுத்துனாரு. குனிஞ்சு அடியில பாத்தாரு. தரையில போற வண்டின்னா நான் பிடிக்கலாம், இது எங்க டிப்பார்ட்மென்ட்டு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"பஞ்சரான டயர்ல காத்து எப்பிடிவே நிக்கும்?" என்றார் இன்னாசி. இது அவருடைய தொழில் விஷயம்.

"காத்துன்னா போயிரும். அது சத்தம்லா."

இன்னாசி பக்கத்தில் நின்ற கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்தார். அவனும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்தா எம் பொஞ்சாதி ரோசம்மா வாசல்லயே நிறுத்திட்டா. உள்ள வராதிய, போன வாரந்தான் ஓடு மாத்தியிருக்குன்னா. அவ சொல்லுததும் நியாயந்தான. போட்டத் தள்ளிக்கிட்டு ஒத்தையாக் கடலுக்குப் போனேன். கரை மறையுற தூரம் போய், கெழக்க பாத்து நின்னு, 'கோ'ன்னு வாயத் தொறந்தேன். அவ்வளவுதான், சத்தம் கெழக்க போவுது, போட்டு மேக்க வருது. வந்த வரத்துல கரை ஏறி, மணல் ஏறி, தார் ரோட்டுல ஏறி, ஐஸ் கம்பெனி வாசல் வழியா..."

"எங்க வாசலுக்கா?" என்றாள் டெல்பின். "அன்னைக்குப் பொழுதுக்கும் நான் அங்கதான இருந்தேன்?"

"குனிஞ்சு ஐஸ் ஒடச்சிக்கிட்டு இருந்த, தங்கச்சி. தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு சத்தங் காட்டாமப் போனேன்."

கூடத்தில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் முன்னால் வந்தார்கள்.

"நாலு நா கழிச்சு மன்னார்லேருந்து ஒரு மீன்காரரு போன் பண்ணுதாரு. 'அண்ணை, உங்கட சத்தம் ஒண்டு இஞ்ச வந்து நிக்குது. பாதிதான் கிடக்கு. மிச்சம் வருமோ?'ன்னு கேக்காரு."

"அது என்னவே பாதி?"

கஸ்பார் இதற்காகத்தான் காத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் 'கோ' மட்டுந்தான் விட்டேன். 'ல்' இன்னும் உள்ளதான் கெடக்கு. ஒரு வருசமா அடக்கி வச்சிருக்கேன். சாப்பிடும்போது, தூங்கும்போது, பூசையில முட்டு போடும்போது, எப்பவும். இத விட ஒழுக்கமான ரசிகன் இந்தக் கடற்கரையில இருந்தாக் காட்டுங்க, நான் பேசாமப் போயிருதேன்."

டெல்பின் விடவில்லை. "அண்ணே, நீங்க வந்ததுலேருந்து கடல்னிய, மணல்னிய, வாசல்னிய. அதெல்லாம் 'ல்' இல்லாமலா வந்துச்சு?"

"அது அன்றாடம் பொழங்குத சின்ன 'ல்', தங்கச்சி. கோலுக்குள்ள 'ல்' வேற."

அதோடு கூடம் இரண்டாகப் பிரிந்தது. 'ல்' இரண்டு வகை உண்டா என்று ஒரு கட்சி, ஒன்றுதான் என்று ஒரு கட்சி. இன்னாசி பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு கஸ்பாரின் முகத்துக்கு நேராகக் கை நீட்டினார். பதினோரு பேரும் அவரைச் சுற்றி வட்டமாக நெருங்கி நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளியே முத்தாழி ஜீப் வந்தது. இறுதிப் போட்டிக்கு ஒலிபெருக்கியில் விளம்பரம். சும்மா போயிருக்கலாம். ஏலக்கூடத்தைப் பார்த்ததும் மெதுவாக ஓட்டி, "சிப்பித்துறை அன்பர்கள் கவனத்துக்கு, கோல் போஸ்ட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம்" என்றார்கள். டெல்பினுக்கு உயிர் போய்விட்டது. வேறு நாளாக இருந்தால் ஜீப் நாலு துண்டாக முத்தாழிக்குப் போயிருக்கும்.

ஒருத்தரும் திரும்பவில்லை.

ஜீப்காரர்களுக்கே சந்தேகம் வந்து, திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்கள். கூடத்துக்குள் இன்னாசி, "அப்ப 'பால்'ல வாறது எந்த 'ல்'? அதச் சொல்லும் முதல்ல" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஏமாந்த மாதிரி போய்விட்டது.

டெல்பின் எழுந்தாள். "பன்னெண்டாவது ஆளு கஸ்பார் அண்ணன்."

"ஒரு வார்த்தை உண்மை பேசாத ஆளு" என்றார் இன்னாசி. "அவர நம்பியா?"

"எனக்கு உண்மை வேண்டாம் மச்சான். கப்பு வேணும்."

அடுத்த ஞாயிறு முத்தாழியில் வேன் இறங்கியதும் டெல்பின் ஒரு வேலை செய்தாள். கஸ்பாரை மைதானத்தைப் பார்க்க உட்கார வைத்தாள். மற்ற பதினோரு பேரையும் அவரைப் பார்க்க உட்கார வைத்தாள். ஆட்டம் தொடங்கியதும், "அண்ணே, நீங்க ஒரு காலத்துல கோலியா நின்னியளாமே" என்று எடுத்துக்கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவ்வளவுதான். தான் பிடித்த பந்துக்குள்ளிருந்து இன்னொரு பந்து வந்ததாகவும் அதையும் பிடித்ததாகவும் கஸ்பார் ஆரம்பித்தார். இன்னாசி துள்ளி விழுந்தார். களத்தில் ஆன்றோவைக் கால் தடுக்கி விட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. ரெஃப்ரீ நியாயமில்லாமல் ஒரு ஃப்ரீகிக் கொடுத்தார், யாரும் கேட்கவில்லை. டெல்பினுக்கே அதற்கு வாய்வரை வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டு, பந்தைப் பார்த்தால்தானே வம்பு என்று அவளும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் பதினோரு பேரைக் காவல் காத்தாள். கமிட்டிக்காரர் வந்து பார்த்தார். சிப்பித்துறைக் கூட்டம் போதகரைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி அடக்கமாக இருந்தது. அவர் பயந்து போய்விட்டார்.

ஆட்டம் முடிகிற நேரம். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. ஏழாவது பந்து வெளியே வருகிற இடத்தில் கஸ்பார் பேச்சை நிறுத்தினார்.

வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. "சொல்லும்வே, ஏழாவது பந்து என்னாச்சு" என்று இன்னாசி உலுக்கினார். பின்னால் மைதானம் முழுக்க ஓவென்று இரைச்சல். டெல்பின் திரும்பியபோது பந்து முத்தாழி வலைக்குள் கிடந்தது. அவர்களுடைய கோலி தரையில் உட்கார்ந்திருந்தான். ஸ்டார் கிளப் பையன்கள் தங்கள் கோலியையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசி விசில் ஊதிவிட்டது.

வெள்ளைக் கோட்டை ஒருத்தரும் தாண்டவில்லை. கப்பைக் கையில் கொடுத்தார்கள்.

வேன் ஊருக்குக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபிறகுதான் கல்யாண மாப்பிள்ளைக்கு அந்த யோசனை வந்தது. "ஊர்ல கேப்பாவளே. கோலு எப்பிடி விழுந்துச்சுன்னு என்ன சொல்ல?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பார்த்த ஆள் வேனில் ஒருத்தர்தான். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

கஸ்பார் மடியில் கப்பு இருந்தது. ஏறியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டெல்பினுக்கு அது என்னவோ போல இருந்தது. "சொல்லுங்கண்ணே" என்றாள்.

"நம்ம கோலி கோல்கிக் அடிச்சான்" என்றார் கஸ்பார், மெதுவாக, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். "காத்து தூக்கிட்டு. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போச்சு. அவனுவ கோலிப் பய முன்னால ஏறி வந்து நின்னான். அவன் முன்னால ஒரு குத்து குத்தி, தலைக்கு மேல எழும்பி, வலைக்குள்ள போயிட்டு. வேற யாரு காலும் படல."

இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"கப்பு வாங்குன அன்னைக்காவது புளுகாம இரும்வே."