நறுமுகைக்கு ஒரு கார்டு

"டீச்சர், பிள்ளைங்க இப்பல்லாம் வீட்டுக்கு வர்றதில்ல" என்றார் மாசிலாமணி.

எஸ்தர் எந்தப் பள்ளியிலும் டீச்சர் இல்லை. கார்டு விளையாட்டுகளை உருவாக்குகிறவள். யாளியும் மாயாவியும் பறக்கும் பாம்பும் மோதிக்கொள்ளும் விளையாட்டுகள். பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அவள் அறை. வீட்டிலேயே கார்டு வரைந்து பார்க்கிறவர்கள் அங்கே வந்து, அதைக் காட்டி, நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். டீச்சர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அந்தச் சீடர் கூட்டத்தில் தலை நரைத்தவர் மாசிலாமணி ஒருவர்தான். டீச்சரைவிட அவருக்கு இருபது வயது கூட.

"யாரு வர்றதில்ல, சார்?"

"ஷஹானாவும் மெர்லினும். என் பொண்ணோட சிநேகிதிங்க."

அவர் மகள் நறுமுகை இறந்து ஒரு வருஷம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டுப்போய், பத்தொன்பது வயதில். தாய் இல்லாத பெண். அவர்தான் தலைவாரிவிட்டு வளர்த்தார்.

பள்ளி நாளிலேயே நறுமுகையும் அந்த இரண்டு தோழிகளும் சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, இரண்டு பக்கமும் தாள் ஒட்டி, யாளியும் பாம்பும் கையால் வரைந்த கார்டுகள். அவள் போன பிறகும் தோழிகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்கள். அவள் இடத்தில் மாசிலாமணி உட்கார்ந்து ஆடினார். அதற்காகவே விதிகளைக் கற்றுக்கொண்டார். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசியது அந்தப் பொழுதில் மட்டும்தான்.

பிறகு, மகள் பேரில் ஒரு கார்டு செய்து அந்தக் கார்டுக் கட்டோடு சேர்த்தார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் வருவது நின்றுபோனது.

"என்ன சொல்லி நின்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. மெர்லினுக்குப் பரீட்சையாம். ஷஹானாவுக்குத் தலைவலியாம்."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

மாசிலாமணி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"கார்டைக் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நறுமுகையின் புகைப்படம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்திருந்தார். அந்த விளையாட்டில் ஆகப் பெரிய யாளிக்கே பலம் பன்னிரண்டுதான். நறுமுகைக்கு ஆயிரம் போட்டிருந்தார். அதன் கீழே, 'இந்தக் கார்டை யாராலும் வீழ்த்த முடியாது' என்று எழுதியிருந்தது.

எஸ்தர் அதை, அவர் கொண்டுவந்திருந்த மற்ற கார்டுகளோடு சேர்த்துக் கலைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரலால் கார்டுக் கட்டைத் தடவி ஒன்றை உருவினாள்.

நறுமுகை.

"எங்க இருந்தாலும் கைக்குத் தட்டுப்படுது, சார்."

"கசங்கிடக் கூடாதுன்னுதான்..."

"மத்ததெல்லாம் கசங்கித்தானே கிடக்கு?"

இருவரும் ஆட உட்கார்ந்தார்கள். சீட்டு போட்டாகிவிட்டது. மாசிலாமணி மகளின் கார்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

எஸ்தர் அதைப் பார்த்தாள். தன் கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்துவைத்தாள். எழுந்துபோய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"டீச்சர், உங்க முறை."

"என் முறையில நான் செய்ய என்ன இருக்கு?"

"எதையாவது போடுங்களேன்."

"போட்டா தோக்கணும். ஏன்னு கேக்க முடியாது, உங்க பொண்ணாச்சே. எனக்கும் தலைவலி வருது, சார்."

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என்னால அவளைத் தோக்கவைக்க முடியாது, டீச்சர். ஆஸ்பத்திரில ஒரு தடவை பாத்தாச்சு. போதும்."

எஸ்தர் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப இந்தக் கார்டை எடுத்துருங்க. பிள்ளைங்க வந்துருவாங்க."

"அவ இல்லாம நாங்க மூணு பேரு உக்காந்து என்னத்த ஆடறது?"

"அப்ப அவளைக் கூட்டிட்டு வாங்க. பலவீனம் இல்லாத கார்டை நான் கார்டுன்னே சொல்றதில்ல. அவளோட பலவீனம் ஒண்ணை எழுதிக்கிட்டு வாங்க."

அடுத்த வாரம் வந்தார்.

இந்தத் தடவை லேமினேஷன் இல்லை. அவரும் ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டித் தாள் ஒட்டியிருந்தார். படத்தைத் தானே வரைந்திருந்தார். மூக்கு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. பலம் பத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கார்டின் பலம் குறையும். குறைந்தது திரும்பாது.'

அதை எழுத அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது எழுத்தின் கோணலிலேயே தெரிந்தது.

எஸ்தர் படித்தாள். மறுபடி படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது அந்த நோயோட கார்டு. உங்க பொண்ணோடது எங்க?"

மாசிலாமணி எழுந்துவிட்டார். அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"பலவீனம்னு கேட்டது நீங்கதானே? அவகிட்ட இருந்தது அதுதான். வேற எதை எழுதச் சொல்றீங்க?"

"பத்தொம்பது வருஷமும் அவ படுக்கையிலயா கிடந்தா?"

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை அவர் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"ஆட்டத்துல அவ எப்படித் தோப்பா?" என்று எஸ்தர் கேட்டாள்.

அவள் தோற்கவே மாட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நல்ல கார்டு கைக்கு வந்துட்டா அவளால மூஞ்சியைச் சாதாரணமா வச்சுக்கிட்டு இருக்க முடியாது, டீச்சர். உதட்டைக் கடிப்பா. காலை ஆட்டுவா. தன்னால சிரிப்பு வந்துரும். எதிர்ல இருக்கறவங்களுக்கு அப்பவே தெரிஞ்சுரும். உஷாராயிருவாங்க. பாதி ஆட்டம் அதுலயே போயிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைத் திட்டுவா. நீ பாத்துச் சிரிச்சதாலதான் மாட்டிக்கிட்டேன், இந்தப் பக்கம் வராதப்பான்னு..."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெஞ்சு குலுங்கக் குலுங்க அழுதார்.

எஸ்தர் எழுந்தாள். வெட்டி வைத்த வெறும் கார்டு ஒன்றையும் ஒரு பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

மறுநாள் மாசிலாமணி பிள்ளைகள் இருவருக்கும் போன் செய்தார்.

"ஒரே ஒரு ஆட்டம்மா. அதுக்கப்புறம் கூப்பிட மாட்டேன்."

எஸ்தரையும் அழைத்தார். அங்கே தனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷஹானாவும் மெர்லினும் வந்தார்கள். துக்க வீட்டுக்குள் நுழைகிற முகத்தோடுதான் வந்தார்கள். கார்டுக் கட்டுக்குள் புதிதாக ஒன்று இருக்கிறது என்று மட்டும் மாசிலாமணி சொன்னார். கலைத்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கார்டு மெர்லின் கைக்குப் போனது. அவள் படித்தாள். உடனே அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேறு வழியில்லை, விதி அப்படி. ஷஹானா பக்கம் கார்டைத் திருப்பிக் காட்டினாள்.

'நறுமுகை. பலம் பத்து. கைக்கு வந்ததுமே எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும்.'

ஷஹானா குனிந்து படித்தாள்.

மெர்லின் நறுமுகையைக் கீழே இறக்கினாள். ஷஹானாவிடம் பறக்கும் பாம்பு இருந்தது. பலம் பதினொன்று. அதைத் தொட்டாள், விட்டாள், மறுபடி தொட்டாள்.

"போடும்மா" என்றார் மாசிலாமணி.

ஷஹானா பாம்பைப் போட்டாள். நறுமுகை தோற்றாள்.

மெர்லின் அந்தக் கார்டைக் கையில் எடுத்து, அதன் கோணல் மூக்கை முறைத்தாள்.

"லூசு. எப்பவும் இதே வேலைதான் இவளுக்கு. நல்லது ஒண்ணு வந்துட்டா வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுதா பாரு. இவ கூடச் சேர்ந்தா நானும் சேர்ந்து தோக்கணும்."

ஷஹானாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மெர்லினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று மாசிலாமணியைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாரி அங்கிள்."

நறுமுகை போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டியதில்லை.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா" என்றார் மாசிலாமணி.