எட்டியப்பனின் முதல் அடி

செய்யாறு பக்கத்தில் ஒரு கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு. அதன் வாத்தியார் அஞ்சலாட்சிக்கு முப்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் எட்டியப்பனுக்கு ஐம்பதை நெருங்குகிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், வித்தைக்கு வயது ஏது?

வாத்தியார் வேஷம் கட்டி நடுவில் நின்று ஓர் அடி பாடுவார். பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் எட்டியப்பன் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். பொழுதுக்கும் அதுதான் அவர் வேலை. குரல் என்றால் குரல், ஊர்க்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரும். ஆனால் நோட்டீசில் அவர் பெயர் இருக்காது. பளபளவென்று கிரீடம் வைத்தவரை விட்டுவிட்டு பெஞ்சியில் இருப்பவனை யார் பார்ப்பார்கள்?

ஒருநாள் ஆர்மோனியக்காரர் பொன்னுரங்கம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எட்டி, இதப் பாரு. மெட்ராஸ்ல புதுசா பாட்டு நாடகம் போடுறாங்களாம். நம்ம நாட்டுப்பாட்டும் ப்ளூசும் கலந்து."

"ப்ளூசுன்னா இன்னா?"

"அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பருத்திக் காட்டுல பாடுன பாட்டாம். பட்ட கஷ்டத்தைப் பாட்டா இழுக்கறது. நமக்குத் தெரியாத கஷ்டமா?"

ரோடு போடும் கூட்டத்தின் மேஸ்திரி வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள். நாடகம் முழுக்கப் பாடிக்கொண்டே வரும் வேஷம். யார் வேண்டுமானாலும் ஆடிஷனுக்கு வரலாம். பாட வேண்டிய பாட்டையும் அவர்களே ஒலிப்பதிவாக அனுப்பியிருந்தார்கள்.

எட்டியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுசில் ஒரு தடவையாவது முன்னால் நின்று பாட வேண்டும். இதில் தோற்றால் அந்த ஆசையையே தலைமுழுகிவிடுவது என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்கால ஒத்திகையில் வாத்தியாரிடம் ஆடிஷன் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"வாத்தியாரே, காலமெல்லாம் பின்னாடியே பாடுனவன் மொத அடி பாட முடியுமா?"

வாத்தியார் எழுந்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திரையைப் பிடிக்கச் சொன்னார். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் சபைக்கு வருவது கூத்து வழக்கம்.

"எல்லாரும் கைய எடுங்க," என்றார் வாத்தியார்.

மிருதங்கக்காரர் கையை எடுத்தார். பொன்னுரங்கம் ஆர்மோனியத் துருத்தியை மூடினார். தாளக்காரர் கைத்தாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். பாட்டு வரவில்லை. எட்டியப்பன் அடியை வாங்குவதற்காக வாயைப் பாதி திறந்துகொண்டு காத்திருந்தார். டீ ஆறிப் போனது. திரை பிடித்தவர்களுக்குக் கை வலித்தது. கடைசியில் வாத்தியார் வெளியே வந்து, "சரி, இன்னிக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"வாத்தியாருக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் பொன்னுரங்கம்.

எட்டியப்பனுக்கு மனசு சுருக்கென்றது. நான் போவது வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை, அதைத்தான் இப்படிச் சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தார். இருந்தாலும் வீம்பு விடவில்லை. களத்துமேட்டில் நின்று கைப்பேசியைப் போட்டுப் பழகினார். கைப்பேசியில் யாரோ ஒருவர் பாட, இவர் கூடவே பாட, பாட்டு நெட்டுருவாகிவிட்டது.

ஆடிஷன் அன்று விடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் போனால், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா வாத்தியாரே?"

"நானும் வரேண்ணே. சும்மா."

சென்னையில் அது பெரிய கூடம். நாற்காலி வரிசைகளில் பாட வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ரொசாரியோ என்ற பையன் கிதாரோடு இருந்தான். எதிரே இயக்குநர் ஹேமலதா. நன்றாகப் படித்தவர்கள், மேடைக்குப் பழகியவர்கள், கண்ணை மூடிக்கொண்டு உருகியவர்கள் என்று ஒவ்வொருவராகப் பாடிவிட்டு இறங்கினார்கள். வாத்தியார் கடைசி வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

எட்டியப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் போய் நின்றார். ரொசாரியோ கிதாரை மீட்டினான்.

எட்டியப்பன் நின்றார்.

கிதார் ஒரு சுற்று முடித்து மறு சுற்றுக்கு வந்தது. எட்டியப்பன் அப்போதும் நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. யாரோ முதல் அடியைப் பாடப் போகிறார்கள், அதை வாங்க வேண்டும் என்று அவர் தொண்டை காத்துக்கொண்டிருந்தது. கைப்பேசியில்கூட அந்த ஆள்தான் முதலில் பாடினான், இவர் வாங்கித்தான் பாடினார். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழகிய பழக்கம் எல்லாம் பின்பாட்டாகவே பழகியிருக்கிறார், பாவி மனுஷன்.

"ஐயா, நீங்க ஆரம்பிக்கலாம்," என்றார் ஹேமலதா.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எட்டியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசி வரிசையைப் பார்த்தார். வாத்தியார் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து, வாயை மூடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் எப்படி நின்றாரோ அப்படி.

வாத்தியாரும் பாட மாட்டார். கூடத்தில் வேறு யாரும் பாட மாட்டார்கள். அப்போது கேட்பதற்கு மிச்சமிருந்தது கிதார் ஒன்றுதான். எட்டியப்பன் முதல்முறையாக அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

ரொசாரியோ ஒரு தந்தியை இழுத்து விட்டான். அது முனகியது. எங்கேயோ தூரத்து வயலிலிருந்து ஒருத்தன் 'ஏய்' என்று கூப்பிடுவது போலிருந்தது. பிறகு சத்தமில்லை. கூப்பிட்டவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

எட்டியப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது. அட, அடி கொடுத்தாகிவிட்டதே!

"ரோட்டைப் போட்டு முடிச்சிட்டேனே, என் வூடு எந்தப் பக்கம்?"

ரொசாரியோ தலையைத் தூக்கினான். கிதார் திரும்பக் கூப்பிட்டது. எட்டியப்பன் திரும்ப வாங்கினார், அதே அடியை, இன்னும் ஒரு பிடி மேலே.

"ரோட்டைப் போட்டு முடிச்சிட்டேனே, என் வூடு எந்தப் பக்கம்?"

கிதார் மறுபடி கூப்பிட்டதும் அடுத்த அடியைப் பாடினார்.

"போற வண்டி எல்லாம் போவுது, நான் நிக்கிறேன் இந்தப் பக்கம்!"

கூடம் சிலிர்த்துப் போனது. சிரித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிதாரும் குரலும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடின. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் எட்டியப்பன் கேட்டார், கேட்ட பிறகே பாடினார். இத்தனை வருஷம் பெஞ்சியில் அடைபட்டுக் கிடந்த குரல் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

மூன்றாவது சுற்றில் அவர் ஓர் அடியைப் பாடி நிறுத்தினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அதை வாங்கித் திருப்பிப் பாடியது.

வாத்தியார் குரல். யார் பின்னாலும் ஒரு நாளும் பாடாத குரல். எட்டியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அடுத்த அடியைக் கொடுத்தார். இந்தத் தடவை பக்கத்து வரிசையும் சேர்ந்து வாங்கியது. அதற்கடுத்த அடிக்குக் கூடமே வாங்கியது, போட்டிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும். ஹேமலதா மேஜையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ரொசாரியோ கிதாரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து எட்டியப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, ப்ளூஸ் எங்க கத்துக்கிட்டீங்க?"

"பெஞ்சியில, தம்பி."

ஹேமலதா எழுந்து நின்றார். "மேஸ்திரி கிடைச்சுட்டார்," என்றார்.

செய்யாறு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. எட்டியப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மிச்சக் கடலையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். காஞ்சிபுரம் தாண்டியதும் எட்டியப்பன் மெதுவாகச் சொன்னார்.

"வாத்தியாரே, நெசத்தைச் சொல்லிடுறேன். மொத அடிய நான் பாடல. அந்த கிதாரு பாடிச்சி. நான் பின்பாட்டுதான் பாடுனேன்."

"தெரியும்ணே."

"நீங்க வாத்தியாரு. என் பின்னால பாடலாமா?"

"நீங்க கூப்பிட்டீங்க. நான் வந்தேன்."

எட்டியப்பன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப அன்னிக்குத் தெரைக்குப் பின்னால நின்னீங்களே, ஏன் பாடல?"

வாத்தியார் ஒரு கடலையை உடைத்து அவர் கையில் போட்டார்.

"எல்லாரும்தான் கைய எடுத்துட்டாங்களே. யாருமே கூப்பிடலியேண்ணே."