வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவார்கள்

சாலிகிராமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியில் கோமளா மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அவள் எழுதிய தொடருக்கு இன்னும் மூன்று நாள்தான் ஆயுள்.

மாடி அறை இதாயத்துல்லாவுடையது. சனிக்கிழமைகளில் அங்கே பதினொரு பேருக்குத் திரைக்கதை எழுதச் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. கோமளாவுக்கு ஐம்பத்திரண்டு. "சார்னு கூப்பிடாதீங்கம்மா, கூச்சமா இருக்கு" என்று முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொண்டார். "கத்துக்கொடுக்கறவர் சார்தான். கூச்சத்தை நீங்க பார்த்துக்குங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது.

அன்றைக்கு அவர் தரையில் உட்கார்ந்து, கழற்றி வைத்த மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அறை வெந்துகொண்டிருந்தது.

"சார், வெள்ளிக்கிழமை எடுத்துடறாங்களாம்."

"எதை?"

"என் 'கீழ்வீட்டுச் சாவி'யை. ஓடிடி தளத்துலேர்ந்து எட்டு எபிசோடையும்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. போன வருஷம் அந்தத் தளத்துக்காரர்கள் இரண்டாவது பாகம் வேண்டாம் என்று ஒற்றை வரியில் சொன்னார்கள். சரி, பிடிக்கவில்லை, போகட்டும் என்று விழுங்கிக்கொண்டாள். இது அது இல்லை. படம் பிடித்து முடித்து, அவர்களே அவர்கள் தளத்தில் போட்டு, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியதை அவர்களே துடைத்துப் போடுகிறார்கள்.

"மெயில் வந்திருக்கு சார். 'அன்புள்ள படைப்பாளியே'ன்னு ஆரம்பிக்கறாங்க. அப்படி ஆரம்பிச்சாலே கெட்ட சேதிதான். உள்ளடக்க மறுசீரமைப்பாம். போன் பண்ணினேன். ரித்திகான்னு ஒரு பொண்ணு. 'குவாலிட்டி பிரச்சினை இல்ல மேம், பாலிசி மேம்'ங்கறா. ஏம்மா, அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது, சோறா கேக்குதுன்னு கேட்டேன். 'உங்க ஃபீலிங்ஸ் புரியுது மேம்'னு வச்சுட்டா."

"உங்ககிட்ட ஒரு பிரதி இருக்கா?"

"எங்கேர்ந்து சார்? ஒப்பந்தம் நாப்பத்திரண்டு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன், ஒரு பக்கம் படிக்கல. டிரெய்லர்கூட அவங்களுதுதான்."

அதற்காக அவள் சும்மா இருந்துவிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடியிருந்தாள்.

"போன்ல பதிவு பண்ணினா படம் கறுப்பா வருது, சத்தம் மட்டும் கேக்குது. டிவி முன்னாடி ரெண்டு இட்லிப் பானையை அடுக்கி, மேல போனை நிறுத்திப் பார்த்தேன். முதல் எபிசோடு பூரா எங்க வீட்டு ஜன்னல்தான் தெரியுது. ஆறாவது நிமிஷத்துல குக்கர் விசில். அது அழுகைக் காட்சி சார்."

இதாயத்துல்லா சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"எத்தனை எபிசோடு எடுத்தீங்க?"

"ஒண்ணரை. அப்புறம் கரண்ட் போயிடுச்சு."

வேறு வழியில்லாமல், 'வெள்ளிக்கிழமைக்குள் பாருங்கள்' என்று தெரிந்தவர்கள் இருநூறு பேருக்கும் மேல் செய்தி அனுப்பியிருந்தாள். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். யாரோ செத்துப்போனதாக நினைத்துக்கொண்ட ஒருவர், ஆழ்ந்த இரங்கல் என்று எழுதியிருந்தார். தொடர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, நாத்தனார், "வந்துடுச்சா? சொல்லவே இல்லையே" என்றாள்.

"மிச்சப் பேர் எல்லாம் ஒரே பாட்டு சார். அப்புறம் பார்க்கலாம்னு லிஸ்ட்ல போட்டு வச்சிருக்காங்களாம். இதென்ன ஊறுகாயா, போட்டு வைக்கறதுக்கு?"

அவர் இரண்டாவது இறக்கையை எடுத்தார்.

"என்ன வேணும்னு வந்தீங்கம்மா?"

கோமளா கடைசியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே கேள்விதான் சார். நாலு வருஷம் எழுதினேன். சமைச்சு முடிச்சு, எல்லாரையும் அனுப்பிட்டு, சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து எழுதினேன். சனிக்கிழமை ஒருத்தர் வந்து, நீ என்னம்மா பண்ணினேன்னு கேட்டா எதைக் காட்டறது? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அது எங்க சார் இருக்கும்?"

அவர் துணியைப் பக்கெட்டில் நனைத்துப் பிழிந்தார்.

"என்னோட 'வெள்ளைத் துறை' எங்க இருக்கு?"

அது அவர் எழுதி இயக்கிய தொடர். அரசு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் ஆட்களைப் பற்றியது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பாதிப் பேர் அவரிடம் வகுப்புக்குச் சேர்ந்தார்கள்.

"அதே தளத்துலதான் சார். என் லிஸ்ட்ல முதல்ல இருக்கு."

"கொஞ்சம் திறங்க."

கோமளா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தாள். லிஸ்ட்டில் முதலில் ஒரு சமையல் நிகழ்ச்சி இருந்தது. அடுத்தது மகள் போட்டு வைத்த கொரிய டாக்டர் தொடர். அதற்குக் கீழே ஏதோ பேய். தள்ளிக்கொண்டே போனாள். பெயரை அடித்துத் தேடினாள். 'இதைத் தேடுகிறீர்களா?' என்று கேட்டு அது ஒரு நடனப் போட்டியைக் காட்டியது.

"காணோமே சார். உங்களுதையும் எடுக்கப் போறாங்களா?"

"எடுத்தாச்சு. போன வருஷம் ஆடி மாசம்."

அவள் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினாள். இது புரட்டாசி. பதினாலு மாசம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"இந்தப் பொங்கலுக்கு வந்தப்போ, ரெண்டாவது தடவை பார்த்தேன்னு சொன்னீங்க."

குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க அவளிடம் வார்த்தை இருந்திருக்கும். காது மடல் சுட்டது.

முதல் வகுப்பில் 'வெள்ளைத் துறை' பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். பார்க்கவில்லை என்றால் சேர்க்காமல் விட்டுவிடுவாரோ என்று பயந்து, பார்த்தேன் என்றாள். அன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடுவதாகத்தான் இருந்தாள். அப்புறம் மகளுக்குப் பரீட்சை, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், அது இது. எங்கே ஓடிப்போகிறது, இருக்கத்தானே போகிறது.

"நான் பார்க்கவே இல்ல சார்" என்றாள். "முதல் எபிசோடுல பத்து நிமிஷம். பால் பொங்கிடுச்சு, எழுந்து போனேன்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் வகுப்புலேர்ந்து."

"எப்படி சார்?"

"பிரமாதம்னு சொன்னீங்க."

கோமளாவுக்குப் புரியவில்லை. "பார்த்தவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

"பார்த்தவங்க சண்டைக்கு வந்தாங்கம்மா. ராயபுரத்துல ஒரு நர்ஸம்மா. ரோகிணியை எதுக்குத் தனியா நைட் ஷிப்டுக்கு அனுப்பினேன்னு பிடிச்சாங்க. கதைக்கு வேணும்மான்னேன். உன் கதைக்கு என் வார்டு பொண்ணுதான் கிடைச்சாளான்னு கேட்டாங்க. போன வாரம்கூட போன் பண்ணினாங்க. இன்னும் விடல."

"யாரு சார் ரோகிணி?"

அந்தக் கேள்வியை அப்படியே பிடித்து வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று கோமளாவுக்குத் தோன்றியது. வந்ததிலிருந்து தன்னுடைய எட்டு எபிசோடுக்குப் படபடத்த நெஞ்சு, இப்போது முகம் தெரியாத ஒரு ரோகிணிக்காக அடித்துக்கொண்டது. நாலு வருஷத்துக்கும் மேல் உள்ளங்கையில் இருந்தாள். ஒரு தட்டு தட்டியிருந்தால் வந்திருப்பாள்.

"உங்ககிட்டயாவது பிரதி இருக்கா?"

"இல்ல."

"இனிமே நான் நினைச்சாலும் பார்க்க முடியாது."

"முடியாது."

ஜெராக்ஸ் மிஷின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூன்றாவது இறக்கையை மடியில் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார்.

"உங்ககிட்ட யாராவது சண்டைக்கு வந்தாங்களா?"

"என்கிட்டயா? இல்ல சார். நல்லா இருக்குன்னாங்க. காலேஜுல கூப்பிட்டுப் பொன்னாடை போட்டாங்க. பத்திரிகையில மூணரை நட்சத்திரம்."

"சண்டைக்கு?"

"யாரும் இல்ல." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "கேஸ் சிலிண்டர் போடற வேலாயுதம் ஒருத்தன்."

"என்ன கேட்டார்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"என்ன கேட்டார்?"

"மூணாவது மாடி வரைக்கும் சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு வந்தான். வாசல்ல இறக்கி வச்சுட்டு, 'நீங்கதான் அந்தச் சாவி தொடர் எழுதினதாம்மா?'ன்னான். எனக்கு ஒரே பெருமை. ஆமாப்பான்னேன். 'புருஷன் போயிட்டான். வீடு அந்தம்மா பேர்ல இருக்கு. ஏழாவது எபிசோடுல எதுக்கும்மா சாவியைக் கொழுந்தன் கையில கொடுத்துட்டு இறங்கிப் போகுது? எங்க அக்காவும் இப்படித்தான் கொடுத்துட்டு வந்து நின்னுது. ஏம்மா கொடுக்க வச்சீங்க?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுப்புல குழம்பு இருக்குன்னேன். ரசீதைக் கொடுத்துட்டுப் போப்பான்னு கதவைச் சாத்தினேன்."

"குழம்பு இருந்ததா?"

"இல்ல சார்."

அவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள். இருநூறு பேரில் இன்னும் யாரோ கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கே தெரியல, அதான். அவ ஏன் கொடுத்தான்னு எனக்கே தெரியாது. எழுதறப்போ என் கை தானா சாவியைக் கொடுத்துடுச்சு. அவன் கேட்டதும் எரிச்சலா வந்தது. உன் வேலையைப் பாருன்னு சொல்லத் தோணிச்சு. அதுக்கப்புறம் அவன் வர்ற நாள்ல எல்லாம் வேலைக்காரியை விட்டுக் கதவைத் திறக்கச் சொல்லிட்டேன்."

இதாயத்துல்லா இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலை அறையின் நடுவில் இழுத்துப் போட்டார்.

"அடுத்த சிலிண்டர் எப்போம்மா?"

"வர்ற திங்கட்கிழமை."

அவர் ஸ்டூல் மேல் ஏறி, முதல் இறக்கைக்காகக் கையைக் கீழே நீட்டினார். கோமளா எடுத்துக் கொடுத்தாள்.

"அதுக்குள்ள எட்டையும் எடுத்திருப்பாங்களே சார். அவன் வந்து நின்னா நான் என்னத்தைக் காட்டறது?"

"அவர் பார்த்துட்டார் அம்மா. கதவைத் திறந்து பதில் சொல்லுங்க."