பத்து வாயும் ஒரு பலகையும்

ஊர்களுக்கே இன்னும் பெயர் வைத்து முடியாத ஒரு காலத்தில், குலவர்த்தனன் என்றொரு அரசர் இருந்தார். அவருடைய சபையில் ஒரு விசித்திர வழக்கம். ஆளின் பெயரைச் சொல்லி ஆணையிடுவது மரியாதைக் குறைவாம். அதனால் அவரவர் உட்காரும் பலகைக்குத்தான் ஆணை பிறக்கும். ‘சேனாபதியின் பலகை எல்லைக்குப் புறப்படட்டும்’ என்பார் அரசர். பலகை இருந்த இடத்தில் இருக்கும், சேனாபதி மூட்டை கட்டுவார்.

ஒரு நாள் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. பாம்புக்கடிக்கு மருந்து சொல்லும் ‘விடமுறி நூறு’ என்ற நூலை ஊருக்கு ஊர் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அதற்கு நாட்டிலேயே ஒரே ஒரு சுவடிதான். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கறையான் மண்தான் மிச்சம் இருந்தது.

அரசர் கலங்கவில்லை. பிறைசூடிக் கவிராயரும் இன்னும் ஒன்பது புலவர்களும் ஒரே மண்டபத்தில் கூடி உட்கார்ந்து அந்த நூலைப் பாடம் செய்தவர்கள். அமாவாசைதோறும் பத்துப் பேரும் சேர்ந்து ஓதினால் சபையின் தூண்கள் அதிரும். அரசர் மெய்ம்மறந்து கண்ணை மூடிக்கொள்வார்.

“எல்லோரும் சேர்ந்து ஓதினால் எழுதுகிறவன் கைக்கு எட்டாது. ஒருவர் நிறுத்திச் சொல்லட்டும். கவிராயரே, தாங்கள் தொடங்கலாம்,” என்றார்.

கவிராயர் அவசரமாக எழுந்தார். “மன்னா, கூடிப் படித்ததைக் கூடித்தான் சொல்வது எங்கள் மரபு.”

இதைக் கேட்டு விகடகவி மருதக்கூத்தன் சிரித்துவிட்டான். அவனும் சிறு வயதில் அதே மண்டபத்தில் மூன்று வருடம் உட்கார்ந்தவன்தான். பத்துப் பேர் குரல் எழுப்பும்போது பதினோராவது ஆள் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று கண்டுபிடித்த மகா புத்திசாலி தான் ஒருவனே என்று வெகு நாள் நினைத்திருந்தான். அப்புறம்தான் பக்கத்து உதடுகளைக் கவனித்தான்.

“எதற்குச் சிரிப்பு?” என்றார் அரசர்.

“பொறுத்தருள வேண்டும், மன்னா. அந்த நூல் இவர்களில் ஒருவருக்கும் தெரியாது.”

தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த கவிராயருக்கு அது வாய்ப்பாகிவிட்டது. “விகடகவியும் எங்களோடு படித்தவரே. நாளைக் காலை அவருடைய பலகையிலிருந்து நூறு பாட்டும் ஒலிக்கட்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பலகை நாட்டின் எல்லையைத் தாண்டட்டும்.”

அரசர் கோபத்தோடு முத்திரை வைத்தார். மூன்று வருடத்தில் மருதக்கூத்தன் உருப்படியாகக் கற்றது ஒரே ஒரு பாட்டு.

மறுநாள் காலை அவன் தன் பலகையைச் சபை நடுவில் போட்டான். ஆனால் உட்காரவில்லை. “முதலில் புலவர்கள் வழக்கம்போல ஓதட்டும், மன்னா. நான் ஒருமுறை கை தட்டினால் ஒருவர் நிறுத்த வேண்டும்.”

ஓதல் எழுந்தது. வழக்கம்போலத் தூண்கள் அதிர்ந்தன. அவன் கை தட்டத் தட்ட, சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஐந்து பேர் நின்றதும் பாட்டு தடுமாறியது. எட்டுப் பேர் நின்றதும் வெறும் ராகம்தான் மிஞ்சியது. கடைசியில் கவிராயர் மட்டும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

அரசரின் முகம் வெளிறிப்போனது. “அப்படியானால் நூல் அழிந்தே போயிற்றா? இனி பாம்பு கடித்தவர்களின் கதி?”

“அவசரப்படாதீர்கள், மன்னா. ஆணையில் என் பலகை என்றுதான் இருக்கிறது. அதில் யார் உட்கார வேண்டும் என்று இல்லையே.”

அவன் ஒவ்வொரு புலவராக அழைத்துத் தன் பலகையில் உட்கார வைத்தான். “ஐயா, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒன்றானாலும் போதும்.”

தினமும் முதல் ஆளாக மண்டபத்துக்கு வந்தவருக்கு முதல் பதினைந்து பாட்டும் தெரிந்திருந்தன. பாதிப் பாடத்தில் தூங்கி எழுந்தவருக்குப் பின்பகுதி. விரியன் கடித்துத் தம்பியைப் பறிகொடுத்தவர் விரியன் பாட்டுகள் எட்டையும் அழுதுகொண்டே சொன்னார். ஒருவர் மிளகு பத்து என்றார், இன்னொருவர் ஏழு என்றார். “ஏழுதான். பத்து என்று சொல்லி நான் அடி வாங்கியிருக்கிறேன்,” என்றார் மூன்றாமவர். கவிராயருக்குப் பத்தியம் சொல்லும் பாட்டுகள் மட்டும் பிசகில்லாமல் வந்தன.

எழுதுகிறவனின் பக்கத்தில் ஓலைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. ஒருவருக்கும் தெரியாத ஒரு நூல், எல்லோருக்குள்ளும் பிரிந்து கிடந்து, கண்ணெதிரே ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. அரசர் தம்மை அறியாமல் சிம்மாசனத்திலிருந்து எழுந்து கைகூப்பி நின்றார். சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட மருதக்கூத்தனுக்கும் உடம்பு சிலிர்த்தது.

தொண்ணூற்று ஒன்பதோடு நின்றது. நூறாவது பாட்டு யாருக்கும் வரவில்லை. அது வரும் நேரத்தில் மண்டபத்தில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். கவிராயரின் முகம் மலர்ந்தது.

மருதக்கூத்தன் போய்த் தன் பலகையில் உட்கார்ந்தான். கண்ணை மூடி, நூறாவது பாட்டை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தான்.

“இது மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?” என்று வியந்தார் அரசர்.

“வாயசைத்துப் பிடிபட்ட நாளெல்லாம், மற்றவர்கள் போன பிறகு தனியே நிற்க வைத்து இதை ஐம்பது முறை சொல்ல வைப்பார் ஆசிரியர். நான் தினமும் பிடிபடுவேன், மன்னா.”

அரசர் கண்ணீர் வரச் சிரித்தார். “கூடிப் படிப்பது நல்லதா, கெட்டதா? அதைச் சொல்.”

“மறந்ததைத் தேடும்போது கூட்டம் வேண்டும், மன்னா. மனப்பாடம் ஆயிற்றா என்று பார்க்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் தனியே நிற்க வேண்டும்.”

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பதினொரு பேர் உட்காரும்படி ஒரு நீளப் பலகை செய்யவும் ஆணையிட்டார். அடுத்த அமாவாசையிலிருந்து கவிராயருக்கு மருதக்கூத்தனின் பக்கத்து இடம். வாயை மட்டும் அசைத்தால் தெரிந்துவிடும் தூரம் அது.