பாட்டில் விட்ட இடம்

செத்துப்போன மனைவி கல்குவாரித் தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிறாள் என்று தவசி வந்து சொன்னபோது, உலகம்மை பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அவனுக்குக் குரு; பாட்டுக்கு அல்ல, புத்திமதிக்கு. வயதில் இளையவள்தான், ஆனாலும் அவன் வாயில் "அம்மா" என்றுதான் வரும்.

"என்ன பாடுறா?"

"எங்க பாட்டுதாம்மா. திருவிழாவுல நானும் செல்லக்கனியும் பாடுவோமே, அது. என் அடியைப் பாடிட்டு அவ அடிக்கு இடம் விட்டு நிப்பேன். அவ போன பிறகும் அந்தப் பழக்கம் போகலே. இப்போ அந்த இடத்துல குரல் வருது. கூப்பிடுது."

"நீ என்ன செய்யப் போறே?"

"நாளைக்கு இறங்கிடலாம்னு இருக்கேன். சொல்லிட்டுப் போக வந்தேன்."

உலகம்மை அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "நாளைக்கு எதுக்கு? இப்பவே வா. உலையில அரிசி போட்டிருக்கேன். நானாவது திரும்பி வரணும்."

உச்சி வெயில். குவாரியில் ஒரு காக்கைகூட இல்லை. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. தவசி விளிம்பில் நின்று பாடினான்.

"விளக்கெரியுது, கதவு தொறந்திருக்கு, எப்ப வருவே?"

நிறுத்தினான். காற்றும் நின்றது. ஆழத்திலிருந்து, ஈரத் துணியைப் பிழிந்தாற்போல ஒரு பெண் குரல் ஏறி வந்தது.

"வந்துட்டேன், ராசா. இறங்கி வா."

தவசியின் கால் கீழே இருந்த பாறையைத் தொட்டுவிட்டது. உலகம்மை அவன் தோள்துண்டைப் பிடித்தாள். "இன்னொரு தடவை பாடு."

பாடினான். அவன் நிறுத்தியதும் உலகம்மை முந்திக்கொண்டாள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, வாய்க்கு வந்ததை இழுத்தாள்.

கீழேயிருந்து குரல் வரவில்லை. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து, பாறையைத் தொட்டு அடங்கியது.

"கெடுத்துட்டீங்களே அம்மா. போயிட்டா."

"செல்லக்கனி அடியை வேற ஒருத்தி பாடினா, அவ இப்படித்தான் பேசாம போவாளா?"

தவசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "மைக்கைப் பிடுங்கிடுவா. அன்னிக்கு எனக்கும் சோறு கிடையாது."

"இது போயிடுச்சே."

அவன் தண்ணீரைப் பார்த்தான். கால் தானாகவே மேலே ஏறிக்கொண்டது.

"அப்போ இது யாரும்மா?"

"எனக்கென்ன தெரியும்? உனக்கு முன்னாடி இறங்கினவங்க யாராவது இருப்பாங்க. சரி, அவளோட அடிதான் என்ன? பாடு, கேக்கலாம்."

"அதை நான் பாடினதே இல்லேம்மா."

"தெரியாதா?"

தெரியும். ஊர் ஊராக அவள் பக்கத்தில் நின்று கேட்டது. அவள் போன நாளிலிருந்து தொண்டையிலேயே கிடப்பது. கண்ணை மூடிக்கொண்டான்.

"எண்ணெயை வீணாக்காதே, ராசா. நான் வரப்போறதில்லே."

குவாரி அதைத் திருப்பிச் சொன்னது. அவன் குரலில்தான் சொன்னது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தவசி கேட்டான்.

"அது மறுபடியும் வருமாம்மா?"

"இடம் விட்டா வரும்."